மறுக்கப்பட்ட மேளமும் எல்.ஆர். ஈஸ்வரியின் குரலும்

தலித் அழகியல் என்று நாம் பேசத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பறையைப் பேசினோம். ஒப்பாரியைப் பேசினோம். தெம்மாங்கு, கும்மி, நடவுப் பாட்டு என்று திரட்டிப் புத்தகம் போட்டோம், மேடையில் ஏற்றினோம். செய்ய வேண்டிய வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் காலம் முழுக்க நம் தெருக்களில் விடியற்காலையிலிருந்து நடுச்சாமம் வரை ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பற்றி நாம் வாயே திறக்கவில்லை. சினிமாப் பாட்டு. கேட்டால், "அது முதலாளி உற்பத்தி பண்ணி நம்ம தலையில கட்டுற சரக்கு தோழர், அதுல நமக்கு என்ன இருக்கு?" என்கிறார்கள். நாட்டுப்புறப் பாட்டு நமது, சினிமாப் பாட்டு அவர்களது என்று இந்தப் பாகப்பிரிவினையைச் செய்தது யார்? செய்தவர்கள் ஒரு சேரிக் கல்யாணத்தைப் பார்த்திருக்கலாம். காது கொடுத்துக் கேட்டிருக்க முடியாது என்பது என் கட்சி.

திருவாடானை வட்டத்துக்காரனாகிய எனக்கு இந்த வழக்கு 1930இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் கூடி ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன, குதிர்கள் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. எட்டும் ஒழுங்காக நடைமுறைக்கு வரவில்லை என்று 1931 ஜூனில் மறுபடி கூடிப் பதினொரு தடைகளாக்கினார்கள். இம்முறை தேவேந்திரர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றிய தமது நூலில் இந்தப் பட்டியலை முழுதாகப் பதிந்து வைத்திருக்கிறார். நம் கூட்டங்களில் இதை எத்தனையோ முறை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, நகை கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது, ஆணுக்கு நாலணா பெண்ணுக்கு ரெண்டணா கூலி என்று வரும்போது வாசிப்பவரின் குரல் ஏறும். ஏறத்தான் வேண்டும். கடைசியில் ஒரு தடை வரும்: கல்யாணத்திலும் மற்ற விசேஷங்களிலும் மேளம் வைக்கக் கூடாது. அதை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். சோற்றுக்கும் துணிக்கும் முன்னால் மேளம் என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு.

ஆனால் தடை போட்டவன் அப்படி நினைக்கவில்லை. மேளத்தையும் மாப்பிள்ளையின் குதிரையையும் அடுத்தடுத்து வைத்துத் தடுத்தான். ஊர்வலத்துக்குப் பல்லக்கு வேண்டுமென்றால் உன் வீட்டுக் கதவைப் பேர்த்துத் தூக்கிக்கொள் என்றான். துணியையும் நகையையும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மேளத்துக்குக் கண் வேண்டாம். சேரியில் அடித்தால் ஊரில் கேட்கும். இன்றைக்கு அங்கே ஒரு நல்ல காரியம் நடக்கிறது, அங்கேயும் மாப்பிள்ளை பொண்ணு இருக்கிறார்கள் என்பது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் காதில் விழும். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. இதே காலத்தில் எங்கள் ஆட்களில் ஒருசாராருக்கு ஊரின் சாவுக்குப் பறையடிப்பது கட்டாய ஊழியம். மறுத்தால் அடி. இவர்களுக்கு இசை வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஊர்க்காரன் சாவுக்கு நம் கை வேண்டும், நம் கல்யாணத்தில் சத்தம் கூடாது. பறையை நமது கலகக் கருவி என்று கொண்டாடும் தோழர்களும் பறையைக் கொளுத்து என்ற தோழர்களும் தொண்ணூறுகளில் மோதிக்கொண்டபோது, இரண்டு தரப்பும் இந்த மறுபாதியை எடுத்துப் பேசவில்லை. பறை நம்மீது சுமத்தப்பட்டது. மேளம் நம்மிடமிருந்து பறிக்கப்பட்டது. பறிக்கப்பட்ட இடத்தில் பிறகு என்ன வந்து உட்கார்ந்தது?

உலகம் பெருமந்தத்தில் கிடந்த காலம் அது. நெல் விலை விழுந்தது. பர்மாவில் செட்டிமார் வட்டிக்கு விட்ட பணம் திரும்பாமல் அங்கே வயலாக மாறி முடங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் எடுப்பது சுருங்கியது. எங்கள் கடற்கரையில் தப்பிப் போக இருந்த ஒரே வாசல் மண்டபம் முகாம்தான். அது அடைபட்ட நேரமும் இந்தத் தடைகளும் ஒன்றாக வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கடல் தாண்டிச் சம்பாதித்தவன் சட்டை போட்டான், குதிரை ஏறினான். போக்கிடம் இல்லை என்று தெரிந்ததும் சட்டையில் கை வைத்தார்கள்.

அந்தப் பத்தாண்டின் முடிவில், 1939 மே மாதம், திருச்சியில் வானொலி நிலையம் வந்தது. சென்னை நிலையத்துக்கு அப்போது ஒரு வயது ஆகவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பிறந்தார். பூர்வீகம் எங்கள் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் பரமக்குடியை அடுத்த இளையான்குடி. தாயார் ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். மகளும் கோரஸில்தான் ஆரம்பித்தார். 1954இல் வந்த 'மனோகரா'வில் கூட்டத்தில் ஒரு குரல். 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி. மகாதேவன் தனிப்பாட்டுக் கொடுத்தார். ஏற்கனவே எம்.எஸ். ராஜேஸ்வரி என்றொரு பாடகி இருந்ததால் இவர் பெயர் எல்.ஆர். ஈஸ்வரி ஆயிற்று.

அவர் என்ன சாதி என்று கேட்கிற தோழர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். ஈஸ்வரியை நமது ஆள் என்று பட்டியலில் சேர்க்க நான் எழுதவில்லை. அந்தக் குரலுக்குச் சினிமா எந்தத் தெருவை ஒதுக்கியது, அதை நம் தெரு எப்படிக் கேட்டது, இந்த இரண்டும்தான் கேள்வி.

ஒதுக்கிய தெரு எல்லோருக்கும் தெரியும். கதாநாயகிக்கு பி. சுசீலா. கிளப்பில் ஆடுகிறவளுக்கு, குறத்திக்கு, சந்தையில் கூவி விற்கிறவளுக்கு, நகைச்சுவை நடிகரின் ஜோடிக்கு ஈஸ்வரி. 1964இல் 'கறுப்புப் பணம்', 1968இல் 'பணமா பாசமா' என்று வரிசையாகச் சொல்லலாம். இந்தியில் லதாவுக்கும் ஆஷாவுக்கும் நடுவே விழுந்த கோடும் இதேதான். இது வெறும் திறமைப் பங்கீடு என்று இசை விமர்சகர்கள் எழுதுவார்கள். அவரவர் குரல் வாகுக்குத் தக்கபடி பாட்டு என்பார்கள். அப்படியானால் 1969இல் 'சிவந்த மண்'ணில் சாட்டையடிகளுக்கு நடுவே கதாநாயகி பாடுவதற்கு இதே குரல் எப்படிப் பொருந்தியது? 1972இல் 'வெள்ளி விழா'வில் வி. குமார் இசையில், அடக்கமான குடும்பப் பெண் மூச்சுக்கும் பேச்சுக்கும் இடையில் முணுமுணுக்கிற பாட்டுக்கு எப்படிப் பொருந்தியது? குரலுக்கு எல்லை இருக்கவில்லை. அதற்குக் கொடுத்த இடத்துக்குத்தான் எல்லை. ஒழுக்கமான பெண்ணின் தொண்டை ஒன்று, மற்றவளின் தொண்டை இன்னொன்று. இழுக்காமல், சிரிக்காமல், மூச்சு வெளியே தெரியாமல் பாடுவது குலப்பெண் இலக்கணம். ஈஸ்வரி பாட்டுக்குள் சிரிப்பார், விக்குவார், வார்த்தையின் கடைசியை வழித்து எறிவார், வல்லினத்தை வல்லினமாகவே உச்சரிப்பார். நாற்றங்காலில் நிற்கும் பெண்ணின் தொண்டை அப்படித்தான் இருக்கும், வயக்காட்டில் கூப்பிட்டால் அடுத்த வரப்புக்குக் கேட்க வேண்டுமே. ஊரும் சேரியும் மண்ணில் மட்டும் இல்லை, ஒலிப்பதிவுக் கூடத்திலும் இருந்தன என்கிறேன்.

'பணமா பாசமா'வின் இலந்தைப்பழக்காரி பாட்டை எடுத்துக்கொள்வோம். கண்ணதாசன் எழுதி, கே.வி. மகாதேவன் இசையமைத்து, திரையில் விஜயநிர்மலா ஆடியது. ஆபாசம் என்று அப்போதே கூச்சல் எழுந்தது. இன்றைக்கு நம் பெண்ணியத் தோழர்கள் சொல்லும் குற்றச்சாட்டு வேறு, அது நியாயமானது: உழைக்கிற பெண்ணை, கூடை சுமக்கிற பெண்ணை, அவள் விற்கும் பண்டத்தோடு சேர்த்து விற்பனைக்கு வைக்கிற பாட்டு அது. கேமரா அதைத்தான் செய்கிறது. மறுக்க மாட்டேன்.

எங்க அத்தை ஈஸ்வரியின் வயதுக்காரர்தான், ரெண்டு மூணு வருசம் முன்னே பின்னே. தை மாசி மாதங்களில் திருவாடானைச் சந்தையில் இலந்தைப்பழம் விற்பார். படம் வந்த பிறகு சந்தைக்கு வருகிற ஊர் ஆம்பிளைகள் அவர் முன்னால் நின்று அந்தப் பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவார்களாம். கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாரா என்று நான் கேட்டேன். அத்தை சொன்னது: "நான் ஏன்டா எந்திரிச்சு வரணும்? படியில அளக்கும்போது அந்த ராகத்தையே நானும் போட்டுக் கூவுனேன். அந்தப் பொம்பள பாடுனது அவனுகளுக்கா, நமக்குல்லப்பா. அவனுக பாடுனா கேலி, நாம பாடுனா யாவாரம்."

இதை நான் கலகம் என்று பெயர் சூட்டி உயர்த்த மாட்டேன். அத்தைக்கு அன்றைக்குப் பழம் விற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் திரைக்கதை எழுதியவர், பாட்டு எழுதியவர், காட்சி எடுத்தவர் எல்லோரும் சேர்ந்து கட்டிய அர்த்தத்திலிருந்து குரலை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்ள ஒரு பழக்காரிக்குத் தெரிந்திருந்தது. பிரதி வாசிப்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நமக்கு அது தெரியாமல் போயிற்று.

இனி மேளத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்தது எது என்பதற்கு வருகிறேன். மைக்செட். எங்கள் பக்கம் 'ரேடியோ செட்டு' என்றுதான் பெயர். "கல்யாண வீட்ல ரேடியோ கட்டியிருக்காக" என்பார்கள். கரண்ட் வராத தெருவுக்குப் பேட்டரியோடு மாட்டு வண்டியில் வரும். ஒரு கூம்புக் குழாய், ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு பெட்டி நிறைய ரிக்கார்டு. நாதஸ்வரக்காரர்கள் சேரிக்கு வர மாட்டார்கள். வர நினைத்தவரையும் ஊர் விடாது. ஆனால் ரிக்கார்டுக்குள் இருந்த நாதஸ்வரம் வந்தது. ரிக்கார்டுக்குத் தீட்டு இல்லை. ரேடியோ செட்டுக்காரருக்கு வாடகைதான் முக்கியம்.

1961இல் 'பாசமலர்' வந்தது. விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, பாட்டு கண்ணதாசன். மணப்பெண்ணைத் தோழி கேலி செய்து அழைக்கிற அந்தப் பாட்டில்தான் ஈஸ்வரியின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் போனது. கவனிக்க வேண்டும், அங்கேயும் அவர் மணப்பெண் இல்லை, தோழி. இன்றுவரை அது ஒலிக்காத கல்யாணம் எங்கள் பக்கம் கிடையாது. மேளம் வைக்க முடியாமல் கல்யாணம் கட்டியவர்களின் பிள்ளைகளுக்குப் பெண்ணழைப்பு இந்தக் குரலால் நடந்தது. எழுதிய கண்ணதாசன் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சிறுகூடல்பட்டிக்காரர். பாடியவருக்குப் பூர்வீகம் இளையான்குடி. தடை போட்ட மாவட்டமும் இதேதான். இதில் ஆழமான அர்த்தம் எதுவும் தேட வேண்டாம், வேடிக்கைக்குச் சொல்கிறேன்.

வேடிக்கையில்லாத விஷயம் குழாயின் திசை. எங்கள் தெருவில் குழாயைப் பனைமரத்தில் கட்டினால், ஊரிலிருந்து ஆள் வரும். "வாயக் கெழக்க திருப்பிக் கட்டு." ஊர் மேற்கே, எங்கள் தெரு கிழக்கே, அதற்கப்பால் தொண்டிக் கடல். திருப்பிக் கட்டினால் பாட்டு கடலைப் பார்த்துப் போகும். திருப்பாத வருசங்களில் சண்டை நடந்தது. ஒரு முறை குழாயைக் கல்லால் அடித்து நசுக்கினார்கள். ரேடியோ செட்டுக்காரருக்கு நஷ்டஈடு எங்கள் தெருதான் வரி போட்டுக் கட்டியது. 1931இன் மேளத் தடை எழுபதுகளில் குழாயின் கழுத்தில் இருந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டு சினிமாப் பாட்டா, நாட்டுப்புறப் பாட்டா, முதலாளித்துவச் சரக்கா என்று கல்லெறிந்தவர்கள் பார்க்கவில்லை. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைத்தான் பார்த்தார்கள். நம் விமர்சகர்களுக்குப் பிடிபடாதது அவர்களுக்குப் பிடிபட்டிருந்தது.

கடல் என்றதும் இலங்கை வானொலியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய விரட்டினார். செவ்வியல் இசைதான் இந்தியாவின் இசை என்பது அவர் கொள்கை. நாடகக் கொட்டகையின் வாத்தியமான ஆர்மோனியத்தை அந்த வானொலி 1940இலேயே விலக்கி வைத்திருந்தது. முப்பது வருசம் கழித்து, 1971இல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. இதையும் எங்கள் மாவட்டத்து மேளத் தடையையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஒன்றில் குடிசை எரிந்தது, மற்றதில் நிகழ்ச்சி நிரல் மாறியது. ஆனால் எது இசை, எது சத்தம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இரண்டிலும் மேலேயிருந்துதான் வந்தது. தமிழிசை இயக்கத்தை எடுத்துக்கொண்டாலும் இதே கதை. மேடையில் தெலுங்குக்குப் பதில் தமிழ் கேட்டார்கள். மேடைக்குக் கீழே நின்றவனின் வாத்தியத்தைக் கேட்கவில்லை.

விவித பாரதி 1957 அக்டோபரில் வந்த பிறகும் எங்கள் கரையில் கொழும்பு நிலையம்தான் தெளிவாகக் கேட்டது. நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை எழுதிப் போடுவார்கள். பெயரும் ஊரும் வாசிப்பார்கள். ஊர் என்றால் ஊர், அதில் தெரு கிடையாது. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனின் பெயர் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து, ஊர்க்காரனின் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ, அதே மரியாதையோடு வந்து விழும். இலங்கையில் சாதி இல்லை என்று யாரும் ஏமாற வேண்டாம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டத்தையும் கே. டானியல் எழுதியவற்றையும் நாம் படித்திருக்கிறோம். அங்கிருந்து வந்த குரலுக்கு நம் சாதி தெரியாது, அவ்வளவே. அந்த அறியாமை நமக்கு உதவியது.

ஈஸ்வரி பிறப்பதற்குப் பதினோரு நாள் முன்னால், 1939 நவம்பர் 26 அன்று, அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ஒரு பருத்திக்காட்டு ஊர்க் குடும்பத்தில் டினா டர்னர் பிறந்தார். 2023இல் மறைந்தார். அங்கே கறுப்பர்களின் இசைத்தட்டுக்கு 'இன இசைத்தட்டு' என்றே ஒரு தனிப் பட்டியல் இருந்தது. அந்தப் பெயரை 1949இல்தான் மாற்றினார்கள். அந்த இசையும் முதலாளியின் கம்பெனியில் அச்சான சரக்குத்தான். ஆனால் 1963இலேயே லெராய் ஜோன்ஸ், பிறகு அமிரி பராகா என்று பெயர் மாற்றிக்கொண்டவர், கறுப்பு மக்களின் வரலாற்றை அவர்களது இசையின் வழியாகவே எழுதி முடித்தார். அடிமைக் காலத்து வயல் பாட்டோடு நிற்கவில்லை. விற்பனைக்கு வந்த இசைக்குள்ளும் போனார். நாம் கறுப்பு இலக்கியத்தை மொழிபெயர்த்தோம், சிறப்பிதழ் போட்டோம். இந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டிருந்தால், இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் பிறந்த நம் கே.ஏ. குணசேகரனை வேறு மாதிரி பேசியிருப்போம். 2016இல் மறைந்த அவரை நாட்டுப்புறக் கலை மீட்பர் என்று ஒரு சிமிழுக்குள் அடைத்துவிட்டோம். மேடையில் அவர் குரல் எடுத்த விதத்தில் ரேடியோ செட் கேட்டு வளர்ந்த காதும் இருந்தது என்று எனக்குத் தோன்றும். ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எழுபதுகளின் பிற்பகுதியில் சினிமாவில் ஈஸ்வரிக்கு வாய்ப்புச் சுருங்கியது. அம்மன் பாட்டுக்குப் போனார். கிளப்பில் ஆடவிட்ட தொண்டை ஒரே பாய்ச்சலில் மாரியம்மன் வாசலில் நின்றது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பெண்ணின் குரல் இல்லாமல் இன்றைக்கு ஆடி மாதம் இல்லை. இந்துத்துவக்காரர்களும் அதைத்தான் போடுகிறார்கள், மூச்சு விடுவதில்லை. குலப்பெண் தொண்டை ஏன் அம்மனுக்குப் பொருந்தவில்லை என்று யோசிக்க வேண்டும். மாரி அடங்கினவள் இல்லை. அவளுக்குச் சிரிக்கவும் அதட்டவும் தெரிந்த குரல் வேண்டியிருந்தது. ஆனால் இங்கேயும் ஒரு கசப்பு இருக்கிறது. கோயில் குழாயிலிருந்து அந்தக் குரல் எங்கள் தெரு வரை வருகிறது, எங்கள் ஆட்கள் அந்தக் குழாய் கட்டியிருக்கிற கோயிலுக்குள் போக முடியாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. குழாய் இப்போது எங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதை யாரும் திருப்பிக் கட்டச் சொல்வதில்லை.

2011இல் 'ஒஸ்தி' படத்தில் எழுபதைத் தாண்டிய ஈஸ்வரி ஒரு குத்துப்பாட்டுக்கு வந்தார். 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படத்திலும் பாடினார். ஏக்கத்துக்காகக் கூப்பிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் தெருவில் யாரும் ஏங்கவில்லை, அந்தக் குரல் அங்கே நிற்கவே இல்லையே.

செய்ய வேண்டியது ஒரு வேலை இருக்கிறது. கிராமம் கிராமமாக ஒப்பாரி பதிவு செய்தோமே, அதே போல் ரேடியோ செட்டுக்காரர்களைத் தேடிப் போக வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்த ரிக்கார்டு போனது, யார் எதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் எண்பதைத் தாண்டிவிட்டார். இரண்டு பெட்டி ரிக்கார்டு வைத்திருக்கிறார். ஒரு பெட்டியின் அடியைக் கரையான் தின்றிருக்கிறது. 'பாசமலர்' ரிக்கார்டைக் கையில் எடுத்துக் காட்டினார். வெள்ளையாகத் தேய்ந்து போயிருக்கிறது, மற்றவை அவ்வளவு தேயவில்லை. போட்டுக் கேட்கலாம் என்றால் ஊசி இல்லை. 78 வேக ரிக்கார்டுக்கு ஊசி வைத்திருக்கும் தோழர்கள் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள்.